முப்பத்தொன்றாம் தகடு

காரைக்குடிக்குத் தெற்கே, ரயில் பாதைக்கு அந்தப்புறம்
ஒரு பொட்டலில்
இரும்பை வெயிலில் கட்டிப் போட்டிருக்கிறோம்.
நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வு, தெற்குப் பார்த்த முகம்,
நான்கு பீங்கான் குமிழ், நடுவே ஒரு தகடு.
ஆடு வந்து மோந்துவிட்டுப் போகும்.
மயில் எச்சமிடும். அதையும் குறிக்க வேண்டும்.

கட்டும்போது எடை, இறக்கும்போது எடை,
வேலை இவ்வளவுதான்.
இடையில் பெய்த மழைக்கெல்லாம்
ஒரு கழித்தல் கணக்கே சாட்சி.

அவசரக்காரர்களுக்கு உள்ளே ஒரு பெட்டி உண்டு.
முப்பத்தைந்து டிகிரிச் சூட்டில்
உப்புநீர் பனியாய் இறங்கிக்கொண்டே இருக்கும்.
போன மாதம் பெயிண்ட் கம்பெனிக்காரர் வந்தார்.
"ஆயிரம் மணி நேரம்னா இருபத்தஞ்சு வருஷத்துக்குச் சமம்னு
ஒரு வரி போட்டுத் தாங்க மேடம்."
ஆயிரம் மணி நேரம் என்றுதான் போட்டேன்.
நாற்பத்தொரு நாள், பதினாறு மணி.
அதற்குமேல் ஒரு நிமிஷம்கூட அந்தப் பெட்டிக்குத் தெரியாது.
மேசைமேல் வைத்த தேன்குழல் பொட்டலத்தை
போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

கானாடுகாத்தான் பக்கம் வேன் வேனாய் வருகிறார்கள்,
சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள்.
நூறு வருஷமாம், முகம் தெரிகிறதாம்.
தெரிகிறதுதான்.
அதே கொத்தன் அதே சுண்ணாம்பை அரைத்துப் பூசி
பத்தாம் வருஷம் விழுந்த சுவரை
யார் தடவினார்கள்?

முப்பத்தொன்றுக்கு வருகிறேன்.
இரண்டாயிரத்து நான்கு, மார்ச் பன்னிரண்டு.
சந்தனசேவியர் ஐம்பது தகடு கட்டினார்,
இருபது வருஷத் தவணை.
மாற்றலாகி விசாகப்பட்டினம் போனார்.
ஏழாம் வருஷ வரிசையில் யாரோ சிவப்பு மையில்:
31 - காணவில்லை.
தவணை நாளில் நாற்பத்தொன்பதை இறக்கினேன்,
அமிலத்தில் துரு கழுவி நிறுத்தேன்.
பக்கத்துக் குமிழில் இருந்த முப்பதாம் தகடு
முப்பத்தெட்டு கிராம் போயிருந்தது.
அறிக்கை எழுதி முடித்தாயிற்று.

அதற்கு மூன்றாம் வாரம், செக்காலை ரோட்டில்
காசிம் பாய் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
சுரண்டியின் மூலையில்
என் வீட்டுச் சாவியைப்போல் எனக்குத் தெரிந்த எழுத்தில்
குத்திய எண்.
"பழைய இரும்புக் கடையில பத்து ரூபாய்க்கு வாங்கினது.
அஞ்சு மணிக்குள்ள வந்துரணும்.
அது இல்லாம கல்லு பேச்சுக் கேக்காது."

சுற்றியிருந்த சைக்கிள் ட்யூபை உரித்தேன்.
அசிட்டோனில் எண்ணெய் போகக் கழுவினேன்,
காய வைத்தேன், தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.
அன்று 353.27.
இன்று 298.60.
ஐம்பத்து நான்கரை கிராமுக்கு மேல்.
முப்பதைவிட அதிகம்.
ஆனால் துரு என்று ஒரு பொட்டுகூட இல்லை,
உருக்கு கறுத்து, பட்டுப்போல்.
ஒரு விளிம்பு சாணையில் போயிருக்கிறது,
மீதி கல்லோடு, மாவோடு.
பதினோரு வருஷமாய் அங்கே சாப்பிடுகிறேன்.
அரை மில்லிகிராமாவது என் கணக்கில் வரும்.

பதிவேட்டில் சிவப்பு எழுத்தின்மேல் ஒற்றைக் கோடு கிழித்தேன்,
அடியில் இருப்பது படிக்கும்படி.
சூழல் என்ற கட்டத்தில் எழுதினேன்:
எண்ணெய், புகை, உப்பு, கை.
காரணம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
துரு, குழி, விரிசல், பிற.
பிறவில் ஒரு டிக்.
இறக்க வேண்டிய நாளை எழுதவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்க
செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
ட்யூபைத் தானே சுற்றிக்கொண்டார்.
கல்லில் ஒரு இழுப்பு இழுத்து
காதைச் சாய்த்தார்.
இன்னொரு இழுப்பு.
"கழுவிட்டீங்க போல" என்றார், கொஞ்சம் கோபமாய்.
பிறகு, நிமிராமலே:
"ரெண்டா, மூணா?"